எட்டாம் ஹென்றியின் ராணிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்தபின், அவருடைய ஆறு மனைவியரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ஆறு பேரையும் ஒப்பிட்டால் நான்காம் மனைவி கிளீவ்ஸ் ஆன்தான் அறிவாளி என்று எனக்குத் தோன்றுகிறது. விலகச் சொன்னதும் விலகினார், மாளிகையும் வருமானமும் பெற்றார், மற்ற ஐவரும் இறந்த பின்னும் உயிரோடிருந்தார். முதல் மனைவி கேத்தரின் வீண் பிடிவாதத்தால் தன்னையும் மகளையும் வருத்திக்கொண்டார். ஐந்தாமவரான கேத்தரின் ஹவர்ட் ஒழுக்கக்கேட்டால் அழிந்தார். என் வரிசை சரிதானா? அரசர் உண்மையில் நேசித்தது மூன்றாம் மனைவி ஜேன் சீமோரை மட்டும்தான் என்கிறார்களே, அது உண்மையா?

அன்புடன்,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

கிளீவ்ஸ் ஆன் கெட்டிக்காரர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வரிசையை ஏற்க முடியவில்லை. இந்த ஆறு பேரையும் பக்தை, மயக்குக்காரி, அடக்கமானவர், அழகற்றவர், பேதை, நோயாளிக் கணவரைப் பேணியவர் என்று குணப்பெயர் சூட்டிப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை அவர்களைப் பிடிக்காதவர்களோ, அவர்கள் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர்களோ சூட்டியவை. இரண்டாம் மனைவி ஆன் பொலினுக்கு ஆறு விரல்கள் என்ற கதை, அவர் கொல்லப்பட்டு அரை நூற்றாண்டு கழித்து, அவருடைய மகள் எலிசபெத்தை வெறுத்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் நூலில்தான் அச்சேறியது. குணத்தை விட்டுவிட்டு அவர்கள் நின்ற இடத்தை ஒப்பிடுவதே பயனுள்ளது என்பது என் எண்ணம்.

அன்றைய திருச்சபைச் சட்டப்படி, முறையாக நடந்த ஒரு திருமணத்தை முறித்துவிட்டு இன்னொரு திருமணம் செய்துகொள்ள வழியே இல்லை. முதல் நாளிலிருந்தே அது திருமணமாக இருக்கவில்லை என்று நிறுவினால் மட்டுமே விடுபட முடியும். போப்பின் தலைமையிலான ரோமிலிருந்து பிரிந்த பிறகும் ஹென்றி இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. தம் மனைவியரில் மூவரை, அதாவது அராகன் கேத்தரின், ஆன் பொலின், கிளீவ்ஸ் ஆன் ஆகியோரை, ஒருபோதும் மனைவியாக இருந்ததே இல்லை என்று தீர்ப்பு வாங்கினார். ஆகவே “நீ என் மனைவி அல்ல, அல்லவா?” என்ற ஒரே கேள்விதான் ராணிகளின் முன் வெவ்வேறு வடிவில் வைக்கப்பட்டது. ஆம் என்று சொல்வதற்கு ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டியிருந்த விலைதான் வேறு.

முதல் மனைவி அராகன் கேத்தரினை எடுத்துக்கொள்வோம். 1501இல் அவர் ஹென்றியின் அண்ணன் ஆர்தரை மணந்தார். ஐந்தே மாதங்களில் ஆர்தர் இறந்தார். அண்ணன் மனைவியைத் தம்பி மணப்பதைத் தடுத்த திருச்சபை விதியிலிருந்து போப் இரண்டாம் ஜூலியஸ் விலக்களித்தும், மாமனாரும் தந்தையும் வரதட்சணைக்காகவும் அரசியலுக்காகவும் பேரம் பேசிக்கொண்டிருந்ததால், ஏழு ஆண்டுகள் விதவையாக, பணமுடையில் இங்கிலாந்தில் காத்திருந்தார். அந்தக் காலத்தில், 1507இல், தந்தையின் தூதர் என்ற முறையான பதவியையும் வகித்தார் என்பது பலர் கவனிக்காத செய்தி. 1509இல் ராணியானார். 1513இல் ஹென்றி பிரான்ஸில் போரிட்டுக்கொண்டிருந்தபோது நாட்டை ஆண்ட பொறுப்பாட்சியாளர் அவர்தான். ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் ஃபிளாடன் போரில் வீழ்ந்தது அப்போதுதான், அந்த மன்னரின் மேலங்கியைக் கணவருக்கு வெற்றிச் சின்னமாக அனுப்பியதும் அவரே. இத்தகைய ஒருவர், இருபது ஆண்டுக்கால மணவாழ்வு வெறும் வைப்பு வாழ்க்கை என்றும், உயிரோடிருக்கும் ஒரே மகள் மேரி முறையற்ற பிறப்பு என்றும், ஆர்தருடன் தமக்கு உடலுறவு நிகழவில்லை என்று தாம் செய்த சத்தியம் பொய் என்றும் ஒரே சொல்லில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1529 ஜூனில் பிளாக்ஃபிரையர்ஸ் மண்டபத்தில் கூடிய திருச்சபை நீதிமன்றத்தில் கணவர் முன் மண்டியிட்டுப் பேசிவிட்டு, திரும்ப அழைத்தும் நிற்காமல் அவர் வெளியேறியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அவருடைய அக்காள் மகன் ஐந்தாம் சார்லஸ் ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசர். 1527இல் அவருடைய படை ரோம் நகரைச் சூறையாடியபின் போப் ஏழாம் கிளமெண்ட்டால் அவரைப் பகைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மறுப்பதற்கான ஒரு பின்பலமும் கேத்தரினுக்கு இருந்தது என்று பொருள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. 1528இல் போப்பின் பிரதிநிதியான கர்தினால் கம்பெஜியோ அவரைக் கன்னிமடத்தில் சேர்ந்துவிடும்படி கேட்டார். பிரான்ஸில் இதற்கு முன்னுதாரணம் இருந்தது: 1498இல் பன்னிரண்டாம் லூயி தம் மனைவி ழானைத் தள்ளிவைத்தபோது, முதலில் வழக்காடிய ழான், தீர்ப்பு எதிராக வந்தபின் பெர்ரியின் பிரபுவாட்டியாகி, ஒரு துறவியர் சபையையும் நிறுவினார். கேத்தரின் அந்த வழியைத் தேர்ந்திருந்தால் மேரியின் வாரிசுரிமைக்கு ஏதாவது ஏற்பாடு செய்திருக்க முடியும். இருந்தாலும் ழானுக்குக் குழந்தை இல்லை. மகளின் உரிமையைக் கணவரின் வாக்குறுதியிடம் ஒப்படைக்க கேத்தரின் விரும்பவில்லை; அடுத்த சில ஆண்டுகளில் அவர் கணவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்கும்போது, அந்தச் சந்தேகத்தை வீண் பிடிவாதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் 1536 ஜனவரியில் கிம்போல்டன் கோட்டையில் இறந்தார். அதே ஆண்டு ஜூனில், தாய் மறுத்த அந்த ஒப்புதலை மகளிடமிருந்து வாங்கினார்கள். பெற்றோரின் திருமணம் முறைகெட்டது என்ற வாசகத்தில் இருபது வயது மேரி கையெழுத்திட்டார். 1553இல் அரியணை ஏறியதும் தம் முதல் நாடாளுமன்றத்தின் வழியாக அந்தத் திருமணம் செல்லும் என்று சட்டம் இயற்றவைத்தார்.

இப்போது கிளீவ்ஸ் ஆனுக்கு வருவோம். 1540 ஜனவரி 6 அன்று திருமணம், ஜூலை 9 அன்று அது செல்லாது என்ற தீர்ப்பு. குழந்தை இல்லை, உடலுறவு நடக்கவில்லை என்று அரசரே சாட்சி சொன்னார், பெற்றோர் காலத்தில் லொரேன் பிரபுவின் மகனுக்கு அவரை நிச்சயித்திருந்த பழைய பேச்சும் சாக்காகக் கிடைத்தது. திருமணத்தை ஏற்பாடு செய்த தாமஸ் குரோம்வெல் ஏற்கெனவே லண்டன் கோபுரச் சிறையில் இருந்தார். ஒரு ராணியின் தலை நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் உருண்டிருந்தது. ஆகவே கிளீவ்ஸ் ஆனுக்கு ‘ஆம்’ என்பதன் விலை மிகக் குறைவு, ‘இல்லை’ என்பதன் விலை அளவிட முடியாதது. அவருடைய திறமை சம்மதித்ததில் இல்லை, சம்மதித்த முறையில் இருந்தது. மோதிரத்தைத் திருப்பியனுப்பினார், ராணி என்ற பட்டத்தை விட்டுக் கிளீவ்ஸின் மகள் என்று கையெழுத்திட்டார், தம்மை நன்றாகவே நடத்துகிறார்கள் என்று ஜெர்மானிய நாடான கிளீவ்ஸில் ஆட்சி செய்த தம்பிக்கும் எழுதினார். ரிச்மண்ட் மாளிகையும் ஹீவர் கோட்டையும், அரசரின் அன்புச் சகோதரி என்ற தகுதியும் கிடைத்தன. ஹீவர் ஆன் பொலின் வளர்ந்த வீடு என்பது இங்கு தானாகவே நினைவுக்கு வருகிறது.

நீங்கள் விட்டுவிட்ட மறுபக்கம் ஒன்று உண்டு. அவர் இங்கிலாந்தை விட்டுச் செல்லவில்லை, மறுமணம் செய்யவில்லை, தம் கடிதங்கள் கண்காணிக்கப்படுவதையும் ஏற்றுக்கொண்டார். கேத்தரின் ஹவர்ட் கொல்லப்பட்டபின் அவரை மீண்டும் ராணியாக்கும்படி கிளீவ்ஸ் தரப்பு கேட்டது; ஹென்றி மறுத்தார். ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில் ரிச்மண்டை இழந்து, வரவேண்டிய பணத்துக்காக முறையிட்டுக்கொண்டிருந்தார். 1557இல் இறந்தபோது அவருக்கு வயது 41தான். நீங்கள் வீணாய்ப் போனதாகச் சொல்லும் அராகன் கேத்தரின் 50 வயது வரை வாழ்ந்தார். திருமணத்துக்கு முன் ஓவியர் ஹோல்பைன் கிளீவ்ஸ் ஆனின் ஓவியத்தை அழகாக வரைந்து அரசரை ஏமாற்றினார் என்ற கதையையும் நான் நம்பவில்லை. அரசர் வேறு பலரைத் தண்டித்தார், ஓவியரைத் தண்டிக்கவில்லை.

ஆன் பொலினுக்கு இந்தக் கேள்வி உயிர் தப்பும் வழியாக அமையவே இல்லை. 1536 மே 15இல் கள்ளக்காதல், சொந்தச் சகோதரருடன் முறைகெட்ட உறவு, அரசரைக் கொல்லச் சதி என்ற குற்றச்சாட்டுகளில் அவருக்கு மரண தண்டனை. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து ஆண்களில் இசைக்கலைஞர் மார்க் ஸ்மீட்டன் ஒருவர் மட்டுமே ஒப்புக்கொண்டார். மே 16இல் பேராயர் கிரான்மர் சிறையில் ராணியைச் சந்தித்தார். உயிர் பிழைப்போம் என்ற நம்பிக்கையில் ராணி இருப்பதாகச் சிறைக் காவல் அதிகாரி கிங்ஸ்டன் கடிதத்தில் குறிப்பிடுகிறார். மறுநாள் அவருடைய திருமணம் செல்லாது என்று கிரான்மர் தீர்ப்பளித்தார். இரண்டு நாள் கழித்துத் தலை வெட்டப்பட்டது. திருமணமே நடக்கவில்லை என்றால் கணவருக்குத் துரோகம் செய்தது எப்படி என்று அந்த அரசவையில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எலிசபெத்தின் வாரிசுரிமையை நீக்கத் திருமணம் இல்லாமல் போக வேண்டியிருந்தது. தாயைக் கொல்லத் திருமணம் இருக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் சாத்தியமாயின.

கேத்தரின் ஹவர்டைப் பற்றி நீங்கள் எழுதிய சொல்தான் என்னை மிகவும் உறுத்தியது. அவர் பிறந்த ஆண்டைக்கூட எவரும் குறித்துவைக்கவில்லை. இறந்தபோது இருபதை ஒட்டிய வயது. பாட்டி முறையான நார்ஃபோக் முதிய பிரபுவாட்டியின் வீட்டில், கண்காணிப்பு இல்லாத சிறுமியர் கூட்டத்தில் வளர்ந்தவர். அங்கே முதலில் இசை ஆசிரியர் ஹென்றி மேனக்ஸ், பிறகு பிரான்சிஸ் டெரம் அவரை நெருங்கினார்கள். டெரம் தம்மை வற்புறுத்தியதாகவே அவர் பின்னர் வாக்குமூலம் தந்தார். அவரிடமும் கிரான்மர் அதே கேள்வியைக் கேட்டார்: டெரமுக்கும் உனக்கும் இடையே திருமண ஒப்பந்தம் இருந்ததா? இருந்தது என்று சொல்லியிருந்தால் அரசருடன் நடந்த திருமணம் தொடக்கத்திலேயே செல்லாததாகியிருக்கும். உயிரோடு தப்பவும் ஒரு வாய்ப்புப் பிறந்திருக்கும். அவர் மறுத்தார். அந்தச் சட்ட நுணுக்கத்தை அவருக்கு எடுத்துச்சொல்ல வழக்கறிஞர் யாரும் அருகில் இல்லை. அராகன் கேத்தரின் வருடக்கணக்கில் ஆலோசகர்களுடனும் தூதர்களுடனும் எதிர்கொண்ட கேள்வியை, இந்தப் பெண் பீதியும் அழுகையுமாகத் தனியே எதிர்கொண்டார். அவர் அரசரின் அந்தரங்கப் பணியாளர் தாமஸ் கல்பெப்பரை இரவில் சந்தித்தது உண்மைதான், அது பெரும் மதியீனம் என்பதும் உண்மைதான். ஆனால் அவருக்கு விசாரணை நடக்கவில்லை. நாடாளுமன்றம் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் மூலம் 1542 பிப்ரவரி 13இல் கொல்லப்பட்டார். முந்தைய உறவை மறைத்து அரசரை மணப்பது ராஜத்துரோகம் என்பதும் அதே சட்டத்தில்தான் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

ஜேன் சீமோரைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். வின்சரில் ஹென்றி அவரருகே புதைக்கப்பட்டதையும், ஆறாம் மனைவி கேத்தரின் பார் ராணியாக இருந்த காலத்தில் வரையப்பட்ட குடும்ப ஓவியத்தில் இறந்துபோன ஜேன் அரசருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பதையும் காதலுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த ஓவியத்தில் அரசரின் மறுபக்கம் நிற்பது மகன் எட்வர்ட். 1537 அக்டோபர் 12இல் மகனைப் பெற்று, 24இல் இறந்துபோனார் ஜேன். ஒன்றரை ஆண்டுகூட நீடிக்காத திருமணம் அது. மடங்களைக் காப்பாற்றும்படி ஒருமுறை அவர் வேண்டியபோது, முந்தைய ராணிக்கு நேர்ந்ததை நினைவில் வைத்துக்கொள்ளும்படி அரசர் எச்சரித்ததாகச் செய்தி உண்டு. வாரிசைத் தந்த தாய்க்கு அளித்த மரியாதை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நீங்கள் ஒருவரைத்தான் முதலிடத்தில் வைக்கச் சொன்னால் நான் கேத்தரின் பாரை வைப்பேன். இருமுறை விதவையாகி 1543இல் ராணியானவர், 1544இல் அரசர் பிரான்ஸின் பூலோன் நகர முற்றுகையில் இருந்தபோது பொறுப்பாட்சி நடத்தியவர். 1546இல் சமயக் கருத்துகளுக்காக அவரைக் கைதுசெய்யத் திட்டமிட்டார்கள் என்றும், கணவரிடம் கற்றுக்கொள்ளவே வாதிட்டேன் என்று சொல்லித் தப்பினார் என்றும் பின்னாளில் சமய வரலாற்றாசிரியர் ஜான் ஃபாக்ஸ் எழுதினார். அந்தக் காட்சி எவ்வளவு மெருகேற்றப்பட்டதாக இருந்தாலும், ஆன் அஸ்கியூ என்ற பெண்ணைச் சமயக் கருத்துகளுக்காகச் சித்திரவதை செய்து எரித்த அதே ஆண்டில் நடந்ததாகச் சொல்லப்படுவது என்பதால் அச்சம் கற்பனையானதாக இருந்திருக்காது. 1545இல் தம் பெயரிலேயே ஆங்கிலத்தில் ஒரு ஜெபநூலை அச்சிட்ட அந்த ராணி, அதைவிடத் துணிவான தம் சீர்திருத்தச் சமய நூலை, ஹென்றி இறந்த பிறகு, 1547 நவம்பரில்தான் வெளியிட்டார். அதிலும் மறைந்த கணவரைப் போப் என்ற பார்வோனிடமிருந்து மக்களை மீட்ட மோசே என்று புகழ்ந்திருக்கிறார்.

அன்புடன்.