"நான் சொன்னதை எழுதுங்க"

அன்புள்ள ஐயா,

மதுரையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவன். எங்கள் கல்லூரியும் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து 'அன்பு வாரம்' நடத்தினோம். முதியோர் இல்லத்தில் ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்து, பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது ஒரு பாட்டி, "அடுத்து எப்பய்யா வருவீக?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. புதன் மதியம் வகுப்பே கிடையாது, போகலாம்தான். ஆனால் மணிக்கணக்கை நிரப்பச் செய்கிற உதவியில் என்ன இருக்கிறது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பிக்கு,

மணிக்கணக்குக்காக வெட்கப்படாதீர்கள். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் என்.எஸ்.எஸ். ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை கேட்கிறார்கள். நாற்பது வாரத்துக்குப் பிரித்தால் வாரம் மூன்று மணி, ஒரு பரீட்சை எழுதுகிற நேரம். அதையே ஒரே வாரத்தில் கொட்டித் தீர்ப்பதில்தான் சிக்கல்.

பரீட்சை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் படித்தபோது, பார்வையற்ற மாணவர்களுக்காக இயங்கிய ஓர் அமைப்பிலிருந்து, பரீட்சையில் அவர்கள் சொல்வதை எழுதித் தர, கையெழுத்து நன்றாக இருப்பவர்களைத் தேடி வந்தார்கள். என் கையெழுத்தின் மேல் எனக்குக் கர்வம் உண்டு. போனேன். வரலாற்றுத் தாள். பார்வையற்ற மாணவர் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு பக்கம் முடிந்ததும் வாசிக்கச் சொன்னார். பாதியில் நிறுத்தி, "'எனினும்'னு நான் சொல்லலையே?" என்றார். நன்றாக இருக்கட்டுமே என்று நானாகச் சேர்த்தது. "நான் சொன்னதை எழுதுங்க. மார்க் எனக்குத்தானே?" அடித்துவிட்டு எழுதினேன். காது சூடாகிவிட்டது. நான் உதவி செய்ய வந்திருந்தேன், அவரோ பரீட்சை எழுத வந்திருந்தார்.

அடுத்த தாளுக்கு வருவதாகச் சொன்ன என் வகுப்புத் தோழன் வரவில்லை. காலி விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு அந்த மாணவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் அமைப்பிலிருந்து மாற்று ஆளை அனுப்பினார்கள். தொண்டு நிறுவனம் என்றால் என்ன வேலை என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். யாருக்கு என்றைக்குப் பரீட்சை, எழுத யார் வருவார், அவர் வராவிட்டால் யார் என்று ஒரு நோட்டு வைத்திருப்பது. லேசான வேலையில்லை. எழுதக்கூடிய மாணவர்களுக்கும் அதே ஏப்ரலில்தானே பரீட்சை! மத்திய அரசு வழிகாட்டு நெறிகள்படி பார்வையற்ற மாணவர்களுக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணித் தாள் நான்கு மணியாகிவிடும். எழுதுகிறவருக்குப் பாதி நாள் போய்விடும்.

உங்களோடு சேர்ந்த நிறுவனத்திடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். பேனர் அடிக்கும் முன் அதைப் பார்த்திருக்கலாம். மாத்திரை அட்டையில் இருப்பதை வாசித்துச் சொல்ல, ஆஸ்பத்திரி வரிசையில் கூட நிற்க, மகனுக்கு போன் போட்டுக் கொடுக்க எத்தனை பேருக்கு ஆள் தேவை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆப்பிளைக் கடிக்க எத்தனை பேருக்குப் பல் இருக்கிறது என்பதும்தான்.

சரி, அந்தப் பாட்டிக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது. புதன் மதியம் என்று சொல்லிவிடுங்கள். பழம் வாங்கிப் போவதாக இருந்தால், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாழைப்பழமாக வாங்குங்கள்.