நாய் சாப்பிடவில்லை: விடியட்டும் என்று பொறுக்கலாமா?

கேள்வி: ஐயா, ஏரியூர் பக்கம் எங்களுக்கு 25 வெள்ளாடு. காவலுக்கு ஒரு நாட்டு நாய், 4 வயசு, பேர் கருப்பன். நேற்று சாயங்காலத்திலிருந்து களியைத் தொடவில்லை. ராத்திரி ஒருமுறை மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தான். தண்ணீர் குடிக்கிறான். காலையில் ஆட்டோடு காட்டுக்கு வந்தான், வந்ததும் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டான். போன வருசம் இவனுக்கு முன்னால் இருந்த நாயை ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று விட்டோம். விடிவதற்குள் செத்துக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டி பிடித்துக்கொண்டு ஓட வசதியும் இல்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது பொறுக்கலாம்?

பதில்: வணக்கம். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது, ‘காலையில் ஆட்டோடு காட்டுக்கு வந்தான்’ என்ற வரி. காவல் நாய்க்குச் சோற்றைவிடப் பட்டி பெரிது. வளர்ந்த நாய் ஒரு வேளை, இரண்டு வேளை சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். வயிறு சரியில்லாதபோது சில நாய் அதுவே பட்டினி கிடக்கும், புல்லைத் தின்று வாந்தி எடுப்பதும் உண்டு. ஆனால் பட்டிப் படலைத் திறக்கும் சத்தம் கேட்டும் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிட்டால், அது வேறு சங்கதி. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய நாய் அது. மூக்கு காய்ந்திருக்கிறதா என்று பலர் தொட்டுப் பார்க்கிறார்கள். வெயிலில் படுத்தாலே நாய் மூக்கு காயும், அதை நம்ப வேண்டாம்.

நம்ப வேண்டியது ஈறு. குடற்புழு அதிகமான ஆட்டுக்குக் கீழ் இமையை இழுத்து வெளுப்பு பார்ப்பீர்கள் இல்லையா? நாய்க்கும் அதே கைதான், இடம் மட்டும் மாறுகிறது. மேலுதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். கருப்பனுக்குப் பெயருக்கேற்ப ஈறும் கருப்பாக இருந்தால் ஆட்டுக்குச் செய்வது போலக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கருத்த ஈறைப் பார்த்துவிட்டு, இமையைப் பார்க்காமல் ஒரு நாயை ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பியிருக்கிறேன். உண்ணிக் காய்ச்சல் அது. அன்றிலிருந்து இமையைப் பார்க்காமல் எந்த நாயையும் அனுப்புவதில்லை.

ஈறு காகிதம் போல வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே எங்கோ கசிகிறது. மஞ்சளாக இருந்தால் கல்லீரலோ, ரத்த அணுக்கள் உடைவதோ காரணம். நீலம் பாரித்தால் மூச்சு போதவில்லை. செங்கல் நிறத்தில் சிவந்து, நாய் விடாமல் இரைத்தால் வெப்ப வாதம். வெப்ப வாதத்துக்கு மட்டும் வண்டி வருவதற்குள் வேலை இருக்கிறது: நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுவதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். மற்ற எந்த நிறமாக இருந்தாலும் மணியைப் பார்க்காமல் கிளம்ப வேண்டியதுதான்.

வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி. 104-ஐத் தாண்டினால் அன்றே காட்டுங்கள். 99-க்குக் கீழே இறங்கினால் நாயைச் சாக்கில் சுற்றிக்கொண்டு உடனே கிளம்புங்கள். காய்ச்சலைக் கண்டு பயப்படுகிற நம் ஆட்கள் உடம்பு சில்லிட்டால் ‘சூடு தணிந்துவிட்டது’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் மோசமான அறிகுறி.

இனி, ஈறைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஓட வேண்டியவை. வயிறு உப்பி, குமட்டிக் குமட்டி ஒன்றுமே வெளியே வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ராஜபாளையம் போல நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இது அதிகம். ஆட்டு உப்புசத்துக்கு ஊற்றுவது போல எண்ணெய் ஊற்றாதீர்கள். முறுக்கிய வயிற்றுக்குள் அது இறங்காது, நுரையீரலுக்குத்தான் போகும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். உங்கள் பக்கத்துக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு ஹெப்பால். தூரம்தான், என்ன செய்வது. ஆண் நாய் காலைத் தூக்கி முக்கியும் சிறுநீர் வராவிட்டாலும், வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், முகமோ காலோ திடீரென்று வீங்கிப் பாம்புக்கடி என்று சந்தேகம் வந்தாலும் இதே அவசரம். கடித்த இடத்தைக் கட்டவோ கீறவோ வேண்டாம், பாம்பைத் தேடியும் போக வேண்டாம். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டி வாந்தியோடு ரத்தமாகக் கழிந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதை ஒரு ராத்திரிகூட வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

விஷத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் நாய்கள் அதிகம் அகப்படுவது அதில்தான். கடலைக்காட்டில் எலிக்கு வைத்த கருப்புப் பொடி துத்தநாக பாஸ்பைடு. அதைத் தின்ற நாயின் வாயில் பூண்டு நாற்றம் அடிக்கும். வயிற்று அமிலத்தில் பட்டதும் அது விஷவாயுவாக மாறும். சோறோ பாலோ கொடுத்தால் அமிலம் இன்னும் சுரக்கும். ஆகவே எதையும் ஊட்டாதீர்கள், வாந்தி எடுத்தால் அந்தக் காற்றை நீங்களும் சுவாசிக்காமல் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். தக்காளிக்கு அடிக்கும் பூச்சிமருந்தோ, குருணை மருந்தோ என்றால் எச்சில் ஒழுகும், தசை துடிக்கும், கண்மணி சுருங்கும். கிளம்பும் முன் கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டு, இந்த விஷத்துக்கு முறிவான ‘அட்ரோபின் இருக்கிறதா’ என்று கேளுங்கள். மருந்துப் பாக்கெட்டை எடுத்துப் போங்கள். உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது வேண்டாம். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கும் அழைத்துப் பாருங்கள், ஆனால் அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக ஓடுகிற வண்டி. அதை நம்பி உட்கார்ந்திருக்காமல் பக்கத்தில் ஒரு குட்டியானையையாவது பேசி வையுங்கள்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் நாயைத் தூக்கவே கூடாது. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் நிற்கும் நாயைப் பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதாகத் தோன்றும். கையை விடாதீர்கள். வெறிநோய் அப்படியும் வரும். கட்டி வைக்க முடிந்தால் தள்ளி நின்று கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். எச்சில் புண்ணில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கருப்பனுக்கு வருவோம். ஈறு இளஞ்சிவப்பாக இருந்து, இன்னொரு வாந்தி இல்லாமல், தண்ணீரும் வயிற்றில் தங்கினால் நாளை காலை வரை பொறுக்கலாம். இன்று சாப்பாடு வேண்டாம், தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கும், நீங்கள் எப்படியும் பட்டியைப் பார்க்க எழுகிற விடியற்காலையிலும் டார்ச் அடித்து ஈறைப் பாருங்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். வீட்டில் கிடக்கிற பாராசிட்டமாலோ, முட்டி வலி மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும், வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். காலையில் களியை மறுத்து, பட்டிக்கும் எழவில்லை என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

அவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று எழுதவில்லை. டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும், தேதியைத் தேடி வையுங்கள்.