இளமையின் பூச்சு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த ‘டெத் பிகம்ஸ் ஹெர்’ ஆங்கிலப் படம் பார்த்தேன். முதுமைக்கு அஞ்சும் இரண்டு பெண்களின் கழுத்தைத் திருகியும் வயிற்றில் ஓட்டை போட்டும் சிரிக்கச் சொல்கிறார்கள். அவர்களுடன் இருந்த ஆணோ நல்லவனாக வாழ்ந்து மறைகிறான். எனக்கு 58 வயது. என்னால் சிரிக்க முடியவில்லை.

மீ., தேவகோட்டை

அன்புள்ள மீ.,

உங்கள் மனக்குறையில் நியாயம் உண்டு. 1992இல் ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கிய அந்தப் படம், நடிகையின் முகத்துக்கு மட்டும் கெடு விதிக்கும் திரைத்தொழிலை இன்னும் கடுமையாகக் கேட்டிருக்க வேண்டும். ஆயினும் அது முதுமையை எள்ளி நகையாடுகிறது என்பதை நான் ஏற்கவில்லை. நாயகியான மெரில் ஸ்ட்ரீப் சாகாத இளமை தரும் மருந்தைக் குடித்து முடித்த பிறகுதான், உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்ற எச்சரிக்கையே வருகிறது. அந்த மருந்து மூப்பை நிறுத்துமே தவிர, உடைந்ததை ஒட்டாது. தலை பின்பக்கம் திரும்பி நிற்கும் காட்சிகளுக்காகப் படம் ஆஸ்கர் பெற்றது. எனக்கோ, பிணங்களுக்கு ஒப்பனை செய்யும் கணவன் நாடி நின்ற பிறகும் நடமாடும் மனைவியின் வெளிறிய தோலுக்கு வர்ணம் அடிக்கும் காட்சிதான் நெஞ்சில் நின்றது.

எங்கள் வீட்டில், உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், மூன்று தலைமுறை கைபட்டும் கண்ணாடிபோல் குளிர்ந்து கிடந்தது. ஒரு கல்யாணத்துக்காக, பழசாகத் தெரிகிறது என்று சொல்லி அதன்மேல் எமல்ஷன் அடித்தார்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல், இரண்டே மழைக்காலத்தில் பூச்சு கொப்புளித்தது. நகத்தால் கீறியபோது வர்ணம் ஏடாக உரிந்து வந்தது. அதன் முதுகில் அந்தப் பழைய பளபளப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அன்று எனக்கு அழுகையே வந்தது.

அதே வளவில்தான் அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், அறுபதாம் கல்யாணச் சாந்தியும் நடந்தது. கலச நீர் ஊற்றிய ஈரத் தலையோடு, சாயம் காணாத நரையோடு, ஆத்தா மணையில் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடியும் தாலி கட்டித் திருப்பூட்டியபோது அவர்கள் முகத்தில் படர்ந்த வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 60 வயதை ஊர் கூட்டிக் கொண்டாடும் மண்ணில் பிறந்த நமக்கு, அந்தக் கணவன் மருந்தை ஏன் மறுத்தான் என்று விளக்க வேண்டியதில்லை. அலுத்துப்போனால், தனியாகிவிட்டால் என்ன செய்வது என்று அவன் கேட்கிறான். அவனுக்கு வாழ்க்கை 50 வயதுக்கு மேல்தான் தொடங்குகிறது.

37 ஆண்டுகள் கழித்து அவனுடைய இறுதிச் சடங்கில், மருந்தைக் குடித்த அந்த இரு பெண்களும் முக்காடிட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். வாழ்நாள் பகைவர்களான அவர்களுக்கு, ஒருவர் முதுகுக்கு மற்றவர் வர்ணம் பூசிவிடுவதைத் தவிர வேறு துணை இல்லை. அந்த இடத்தில் நீங்கள் சிரிக்காமல் இருந்தது படத்தைச் சரியாகப் பார்த்ததால்தான். நானும் அங்கே சிரிக்கவில்லை.