டி டைப்பின் துடுப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐம்பதுகளின் பிரிட்டிஷ் பந்தயக் கார்களைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, ஜாகுவார் டி டைப்பின் அழகு கணக்கில் பிறந்தது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். இத்துடன் இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். ஒன்றில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் விமானத்தின் வாலைப் போல ஒரு துடுப்பு நிமிர்ந்து நிற்கிறது; மற்றதில் அது இல்லை. இருந்தாலும் ஓடும், இல்லாவிட்டாலும் ஓடும் என்றால் அது அலங்காரம்தானே? போர் முடிந்து வேலையில்லாமல் இருந்த விமானப் பொறியாளர்கள் தமக்குத் தெரிந்த உருவத்தைக் காரின் மேல் ஏற்றிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விமானப் பொறியாளர்கள் என்பது வரை நீங்கள் சொல்வது சரி. டி டைப்பை வடிவமைத்த மால்கம் சேயர் போர்க்காலத்தில் பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர். லோட்டஸ் கார்களுக்கு உடல் வரைந்த ஃபிராங்க் காஸ்டின், அதை வரைந்த 1954ஆம் ஆண்டில் டி ஹாவிலண்ட் விமான நிறுவனத்தின் ஊழியராகவே இருந்தார். லோட்டஸில் இருந்த தம்பி மைக் கேட்டுக்கொண்டதால் அதைச் செய்தார். ஆகவே வேலையில்லாதவர்கள் என்பது பொருந்தாது. அவர்கள் விமானத் துறையிலிருந்து கொண்டுவந்தது காற்றைக் கணக்கிடும் பழக்கத்தை. சேயர் தமது வளைவுகளை மடக்கை அட்டவணையின் துணையோடு எண்களாகவே கணித்தார். தம்மை அலங்கார வடிவமைப்பாளர் என்று யாராவது அழைத்தால் அவருக்குப் பிடிக்காது.

கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு விவரம் போதும். காற்றுத் தடையை வெல்வதற்கான திறன் வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. பத்து விழுக்காடு கூடுதல் வேகம் வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். பிரான்சில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் லெ மானில், சுமார் ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள முல்சான் நேர்சாலையில், பெரிய இன்ஜின் இல்லாதவர்கள் அந்த மூன்றில் ஒரு பங்கை உடலின் வடிவத்திலிருந்துதான் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் காற்று காருக்கு வெளியே மட்டும் ஓடுவதில்லை. இதை ஜாகுவார் கற்றுக்கொண்டது 1952இல். அந்த மே மாதம் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தில் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.லின் வேகத்தைக் கண்ட ஜாகுவார் ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ், லெ மானுக்கு இன்னும் வேகமான வண்டி வேண்டும் என்று நிறுவனத்துக்கு அவசரச் செய்தி அனுப்பினார். எஞ்சியிருந்த சில வாரங்களில், டி டைப்புக்கு முந்தைய பந்தயக் காரான சி டைப்பின் மூக்கைத் தாழ்த்தி நீட்டினார்கள், வாலையும் நீட்டினார்கள். மூக்கு தாழ்ந்ததால் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் நிற்கும் ரேடியேட்டரின் மேல்தொட்டிக்கு அங்கே இடமில்லாமல் போக, அதைப் பிரித்து இன்ஜினுக்குப் பின்னால் வைத்து, ஓர் அங்குலத்துக்கும் குறைவான விட்டமுள்ள குழாய்களால் இணைத்தார்கள். அந்தக் குழாய்களில் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. மூன்று வண்டிகளும் சில மணி நேரத்திலேயே பந்தயத்திலிருந்து விலகின.

பழியை எல்லோரும் புதிய மூக்கின் மேல் போட்டார்கள். பிறகு சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் அதே உடலோடு ஓட்டிப் பார்த்தபோது, குழாயையும் தண்ணீர்ப் பம்பின் சக்கரத்தையும் பெரிதாக்கியதும் சூடு அடங்கிவிட்டது. அதே சோதனையில்தான், 190 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் நேர்சாலையில்கூட வண்டியின் பின்புறம் இலேசாகி அங்குமிங்கும் அலைகிறது என்பதும் தெரியவந்தது. உங்கள் துடுப்பின் கதை இங்கே தொடங்குகிறது என்பது என் கருத்து.

வழவழப்பான நீண்ட மூக்கின் மேல் பக்கவாட்டில் காற்று அடித்தால், அந்த விசை காரின் எடைமையத்துக்கு முன்னால் விழுந்து மூக்கைத் திருப்பப் பார்க்கும். அம்புக்குப் பின்னால் இறகு கட்டுவது எதற்காகவோ அதற்காகத்தான் துடுப்பு: காற்றின் விசை விழும் இடத்தை அது பின்னால் இழுக்கிறது. மெதுவாகப் போகும்போது அதனால் பயனில்லை. 1954இல் டி டைப் முல்சானில் தொட்ட சுமார் 278 கிலோமீட்டர் வேகத்தில் அது இல்லாமல் நேராகப் போவது கடினம். அந்த ஆண்டு வென்ற 4.9 லிட்டர் ஃபெராரி அதே சாலையில் எட்டியது 258 கிலோமீட்டர்தான். 3.4 லிட்டர் ஜாகுவார் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக வந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளும் டி டைப்தான் வென்றது. அதிலும் மேல்தொட்டி தனியாகத்தான் இருந்தது. கைவிட்ட யோசனையைச் சரியான குழாயோடு திரும்ப எடுத்துக்கொண்டார் சேயர்.

இதே 1954 பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டின் கூரை போட்ட இரண்டு டிபி3எஸ் வண்டிகளை இறக்கியது. காற்றைக் கிழிப்பதில் அவை கெட்டிதான். ஆனால் கூரையின் வளைவு பின்புறத்தை மேலே தூக்க, இரண்டும் ஒரே இடத்தில் விபத்துக்குள்ளாயின. உடலை மேலிருந்து அழுத்தும் வகையில் காற்றைத் திருப்பலாம் என்ற எண்ணம் பந்தயக் களத்தில் வேரூன்றியது அறுபதுகளில்தான்.

விமானக் கணக்கு அழகுக்கு உத்தரவாதம் தரும் என்று நான் எழுதியதாகத் தொனித்திருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன். பிரிஸ்டல் 450 என்ற பந்தயக் காரும் விமானக்காரர்களின் படைப்புதான். 1954இல் இரட்டைத் துடுப்போடு ஓடிய அது, அந்த ஆண்டிலும் 1955இலும் லெ மானில் ஏழு, எட்டு, ஒன்பதாம் இடங்களைப் பிடித்தது. அதை அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் படங்கள். தனியாருக்கு விற்ற டி டைப்புகள் பலவற்றில் துடுப்பு கிடையாது; குறுகிய ஓடுபாதைகளில் அவற்றுக்கு முல்சானின் வேகம் தேவைப்படவில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம் அதுவும் அன்று. முழு அகலக் கண்ணாடியையும் பயணி இருக்கைக்கான கதவையும் பாருங்கள்: அது 1957இல், மீந்திருந்த டி டைப்புகளைச் சாலைக்கென மாற்றிச் செய்த எக்ஸ்கேஎஸ்எஸ். பின்புற மூடியின் மேல் தெரியும் கம்பிச் சட்டம் பெட்டி கட்டுவதற்காக வைத்தது.