பிசினஸ் ஆசை கிளாஸ்ல வருமா, பொறப்புலயே வருமா? கேளுங்க, சொல்றேன்

(காலேஜ்ல ஈ.டி. செல், அதான் பசங்களுக்குத் தொழில் தொடங்கக் கத்துக்குடுக்கிற பிரிவு, பாத்துக்கிறேன், அந்த அனுபவத்துலதான் பதில்.)

கேள்வி: அண்ணா, மூணாவது வருஷம் மெக்கானிக்கல். பிசினஸ்னு வெறியா இருந்தேன், ஆந்த்ரப்ரனர்ஷிப் பேப்பர் முடிச்சதும் பயமாயிடுச்சு. எனக்கு செட் ஆகாதா?

பதில்: தம்பி, நீ மட்டும் இல்ல. நெதர்லாந்துல பசங்க குட்டிக் கம்பெனி நடத்திப் பாக்குற கோர்ஸ் ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி 2010ல வந்த ஆய்வுல தொழில் ஆசை ஏறல, குறைஞ்சுதான் போச்சு. கோர்ஸ் வேஸ்ட்னு நான் சொல்லமாட்டேன். எங்க கேம்பஸ்ல ரெண்டு பொண்ணுங்க மசாலா பொரி ஸ்டால் போட்டாங்க, சாயங்காலம் கல்லாவுல 1,840 ரூபா, ஒரே குதியாட்டம். பொரி, பேப்பர் கப்பு, ஆட்டோ, நசுங்கிப்போய் கொட்டின தக்காளி எல்லாத்தையும் எழுதுங்கன்னேன், மிஞ்சினது 110 ரூபா, அவங்க கூலிய சேக்காமயே. ஒருத்தி "ஆள விடுங்க சார்"னு போயிட்டா. இன்னொருத்தி மறுநாளே தக்காளிய பாதியா குறைச்சுட்டு வந்து நின்னா! கிளாஸ் ஒண்ணுதான், குணம் வேற. உன் பயம் இதுல எந்தப் பக்கம்னு நீதான் பாக்கணும்.

கேள்வி: நான் யார்கிட்டயும் அதிகம் பேசமாட்டேன் சார், வாயாடிங்களுக்குத்தானே பிசினஸ்?

பதில்: அப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறாங்க. மேனேஜர்களையும் தொழில் நடத்துறவங்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2006ல மொத்தமா சேத்துப் பாத்தாங்க, கலகலப்புல பெரிய வித்தியாசம் இல்ல. எடுத்ததை முடிக்கிற குணம், புதுசை முயற்சி பண்றது, சீக்கிரம் பதறாம இருக்கிறது, இதுலதான் தொழில்காரங்க மேல இருந்தாங்க. பணிஞ்சு போற குணம் மட்டும் கம்மி, அது வீட்டுலயே தெரியும் 😄

கேள்வி: என் பையன் சோம்பேறிங்க. பயிற்சி குடுத்தா குணம் மாறுமா?

பதில்: கொஞ்சம் மாறும்மா. 1964ல மெக்லெலண்ட்னு அமெரிக்க உளவியலாளர் நம்ம பக்கத்து ஆந்திராவுல காக்கிநாடாவுல வியாபாரிங்களுக்கு சாதிக்கணும்ங்கிற உந்துதலையே பயிற்சியா குடுத்தாரு, அதுக்கப்புறம் அவங்க புதுத் தொழில் தொடங்குறது கூடுச்சு. ஆப்பிரிக்காவுல டோகோ நாட்டுல 1,500 சின்னத் தொழில்காரங்களை வச்சு பாத்தாங்க, 2017ல வெளியாச்சு: தானா முன்வந்து செய்யற பழக்கத்தைச் சொல்லிக் குடுத்தவங்களுக்கு லாபம் 30% கூடுச்சு, வழக்கமான கணக்கு, மார்க்கெட்டிங் பயிற்சி அந்த அளவு எடுபடல. ஆனா அவங்க எல்லாம் ஏற்கெனவே கடை வச்சவங்க, உங்க பையன் காலையில எந்திரிக்கிறதுக்கு அதுல மருந்து இல்லம்மா.

கேள்வி: அப்போ பி.பி.ஏ. சேரலாமா?

பதில்: சேரு. ஆனா அட்மிஷன் அப்பவே கேளு, மூணு வருஷத்துல ஒரு தடவையாவது சொந்தக் காசு போட்டு எதையாவது விக்க வைப்பாங்களான்னு. வெறும் பவர்பாயிண்ட் ஸ்லைடு மட்டும்தான்னா வேற காலேஜ் பாரு.