அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எங்கே?

கேள்வி: தலைநகர் சென்னையில் இன்னமும் 'ஜார்ஜ் டவுன்' என்று வெள்ளைக்கார ராஜாவின் பெயரில் ஒரு பேட்டை. நல்ல தமிழ்ப் பெயர் வைக்க ஏன் யாருக்கும் மனசு வரவில்லை?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: நீங்கள் பஸ் ஏறினால் ஜார்ஜ் டவுனுக்கா டிக்கெட் கேட்பீர்கள்? 'பாரீஸ்' என்பீர்கள், இல்லையென்றால் 'பிராட்வே'. அந்த பிராட்வேக்கு ஆந்திர கேசரி பிரகாசம் பெயரை வைத்துப் பல காலம் ஆகிறது. பெயர்ப் பலகையில் பத்திரமாக இருக்கிறார். பாரீஸும் 1788-ல் இங்கே வந்து இறங்கிய தாமஸ் பாரி என்ற வியாபாரிதான். முல்லைக்குத் தேர் கொடுத்தவர் இல்லை.

ஜார்ஜுக்கு முன்னால் அதன் பெயர் 'பிளாக் டவுன்', கறுப்பர் நகரம். கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே நாம். முதல் கறுப்பர் நகரம் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அதைத் திரும்ப வாங்கிய ஆங்கிலேயர்கள், இனி எவனும் வீடுகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுடக்கூடாது என்று மிச்சமிருந்த ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. அங்கேதான் இன்று ஹைகோர்ட் நிற்கிறது. பெருமாள் பூக்கடைப் பக்கம் குடியேற, ஜனங்கள் முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். 'இதற்கு இந்தப் பக்கம் வீடு கட்டாதே' என்று 1773-ல் நட்ட எல்லைக் கற்களில் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்றும் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

மேற்கே வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரி ரோடு. ஹைதர் அலிக்குப் பயந்து மதில் கட்டிய கும்பெனி, செலவை ஊர்க்காரர்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தது. நடக்கவில்லை. வசூலாகாத வரியின் பெயரில் ஒரு ரோடு! இதையும் அழிக்கச் சொல்வீர்களா? எனக்கென்னவோ வைத்துக்கொள்ளலாம் என்றுதான் படுகிறது.

சரி, தமிழ்ப் பெயர் கேட்டீர்கள். அரண்மனைக்காரன் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். அரண்மனை எதுவும் கிடையாது. 1772-ல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. முற்றத்தில் காலுக்கடியில் கல்லறைக் கற்கள், புரியாத எழுத்துகளோடு. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-ல் இந்த ஊரிலிருந்து வெளியிட்ட பாதிரியார் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 'ஆர்மீனியன்' என்பது நம்மவர் வாயில் நுழையவில்லை, அரண்மனைக்காரன் ஆகிவிட்டான். அரசாணை இல்லை, கமிட்டி இல்லை, விழா இல்லை.

உங்களிடம் அப்படி ஒரு பெயர் இருந்தால் முதலில் கண்டக்டரிடம் சொல்லிப் பாருங்கள். மறுபேச்சு பேசாமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தாரென்றால் எனக்கு எழுதுங்கள், அட்டையிலேயே போடுகிறேன்.