காகிதப் பெட்டி: வாசகர் கேள்வி, பதில்

இந்த இதழுக்குக் கட்டடக் கலைஞர்களின் கடிதங்கள், புத்தகங்கள் பற்றியே நிறையக் கேள்விகள். தில்லி வாசகர்கள் என்றால் அது இயல்புதான். புது தில்லியைத் திட்டமிட்ட லுட்யன்ஸ் போட்ட சாலையில் வேலைக்குப் போய்வருகிறோம், நான்கைந்து மணி நேரம் வண்டியில் போனால் லெ கொர்பூசியே வடிவமைத்த சண்டிகர் வந்துவிடுகிறது.

என் மாமனார் 1950களில் சண்டிகர் நகர நிர்மாண அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, டைப் அடித்து, கீழே லெ கொர்பூசியே என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கிடைத்தது. மூலையில் ஏதோ ஃபைல் எண் இருக்கிறது. தெரிந்த வியாபாரி ஒருவர் உடனே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். மைத்துனர் ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?
— வாசகி, கரோல் பாக்

அம்மா, இரண்டு பேரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

அப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டில் இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. கொர்பூசியே சண்டிகரில் குடியிருந்தவர் அல்லர். 1951 தொடக்கத்தில் முதல் முறை வந்தார். அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு தடவை, ஏறக்குறைய ஒரு மாதம் தங்கிப் போவதாக ஒப்பந்தம். கூடவே இருந்து வேலையைப் பார்த்தவர் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பியர் ஜான்னரே. ஆக, சுவர் எத்தனை அடி, வெயில் தடுப்பு எந்தக் கோணம் என்பதெல்லாம் பாரிஸில் செவ்ர் தெரு 35-ஆம் எண் அலுவலகத்திலிருந்து கடிதமாகவும் வரைபடமாகவும்தான் வந்துகொண்டிருந்தன. அந்தத் தாள்கள் பல மேஜைகளைத் தாண்டிப் போயிருக்கின்றன.

முதலில் கடிதத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தாள் மெல்லியதாக இருந்து, எழுத்துகளின் விளிம்பு படர்ந்து மங்கலாகத் தெரிந்தால் அது கார்பன் நகல். கையெழுத்தும் அதே மங்கலான நிறத்தில் இருந்தால், அவர் பேனா மேலே இருந்த தாளில்தான் பட்டிருக்கிறது. மசியில் போட்டிருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருக்கும், மசி தாளின் நாருக்குள் ஊறியிருக்கும். ஒரே அளவில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. அரசாங்க அலுவலகம் என்பதால் இன்னொன்றும் சாத்தியம்: மூலத்தைப் பார்த்து மறுபடி டைப் அடித்து, ‘எஸ்டி’ (Sd/-, அதாவது மூலத்தில் கையெழுத்து இருக்கிறது) என்று போட்டுப் பெயரையும் டைப் அடித்துவிடுவார்கள். அதுவும் நல்ல ஆவணம்தான், கையெழுத்து என்று விற்க முடியாது, அவ்வளவே.

அப்புறம் அந்த ஃபைல் எண். இதுதான் முக்கியம். கடிதம் உங்கள் மாமனாரின் பெயருக்கே எழுதப்பட்டிருந்தால் அது குடும்பச் சொத்து. தலைமைப் பொறியாளருக்கோ வேறு அதிகாரிக்கோ எழுதி, ஃபைல் எண்ணும் வரவு முத்திரையும் இருந்தால் அது அலுவலகத்துக்குச் சேர்ந்தது. எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்டது என்பதால் நம்முடையது ஆகிவிடாது. பொது ஆவணங்களுக்கு 1993-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உங்கள் வியாபாரி யாருக்கு விற்கப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். அது அலுவலகக் கடிதம்தான் என்றால், சண்டிகர் 19-ஆம் செக்டரில் அந்தப் பழைய கட்டட அலுவலகத்திலேயே லெ கொர்பூசியே மையம் நடக்கிறது, கடிதங்களையும் வைத்திருக்கிறார்கள். மாமனாரின் பெயர் போட்டு அங்கே கொடுத்தால் அவருக்கும் மரியாதை.

உங்களுடையதுதான் என்றால் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, பாரிஸில் உள்ள கொர்பூசியே அறக்கட்டளைக்கு எழுதிக் கேளுங்கள். மனிதர் துண்டுச் சீட்டையும் சேர்த்து வைத்தவர். தன்னிடம் இருந்த காகிதம் முழுக்க அந்த அறக்கட்டளைக்கே எழுதிவைத்துவிட்டார். உங்கள் கடிதத்தின் நகல் அங்கே இருந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை.

வியாபாரி இருக்கிறாரே, விலை என்ன பெறும் என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் தொகை சொல்ல மாட்டேன். வெறும் ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கையெழுத்துக்கு மட்டும் விலை. சட்டமன்றக் கட்டடத்தைப் பற்றியோ உயர்நீதிமன்றக் கூரையைப் பற்றியோ ஒரு வரி சண்டை போட்டிருந்தால் கதை வேறு. ஓரத்தில் பென்சிலால் ஒரு படம் கிறுக்கியிருந்தால் இன்னும் வேறு. என் கணக்கில் கையெழுத்து கடைசியில்தான் வரும். முதலில் கடிதம் என்ன சொல்கிறது, அடுத்து அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது. ஆகவே மாமனாரின் நியமன உத்தரவு, அலுவலகத்தில் எடுத்த குழுப் படம், சம்பளச் சீட்டு என்று என்ன கிடைத்தாலும் அதே உறையில் வையுங்கள். அவர் சொன்ன கதைகளை மாமியார் நினைவில் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சண்டிகர் நாற்காலிகள் என்ன ஆயின என்று தெரியுமல்லவா? ஜான்னரே செய்யவைத்த அலுவலக நாற்காலிகள் கழிவு ஏலத்தில் விறகு விலைக்குப் போய், வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றன. 2011-இல் உள்துறை அமைச்சகம் தடை போடுவதற்குள் நிறையப் போய்விட்டது.

ஹாலில் மாட்ட ஆசை என்றால் வண்ண நகல் எடுத்து அதை மாட்டுங்கள். மூலம் இருட்டில் இருக்கட்டும்.

பழைய கடிதங்களை லேமினேட் செய்யலாமா?
— வாசகர், துவாரகா

கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் பிரிக்க முடியாது. செலோ டேப்பும் அப்படியே. சில ஆண்டுகளில் பழுப்புக் கறைதான் மிஞ்சும். அமிலமில்லாத தாளில் மடித்து, பாலியெஸ்டர் உறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் படுக்கவையுங்கள். ரஜாயும் ஸ்வெட்டரும் பாச்சை உருண்டையுமாக இருக்கும் பெட்டிக்குள் வேண்டாம். முக்கியமாக, கோடையில் கூலர் ஓடும் அறையில் வைக்காதீர்கள். வெளியே அனல், உள்ளே ஈரக்காற்று. இரண்டுக்கும் நடுவில் தாள் நெளிந்துவிடும். ராமபாணப் பூச்சிக்கு அந்த ஈரம் விருந்து.

லுட்யன்ஸ் கையெழுத்திட்ட பெரிய புத்தகம் ஒன்றும், ஒரு கடிதமும் விலைக்கு வந்திருக்கின்றன. அவர் இறந்த பிறகு போட்ட நினைவுத் தொகுதியாம், மூன்று பாகத்தில் ஒன்று. நம்பி வாங்கலாமா?
— வாசகர், ராமகிருஷ்ணபுரம்

ஐயா, உங்கள் கேள்வியை மறுபடி ஒரு தடவை நீங்களே படியுங்கள். லுட்யன்ஸ் காலமானது 1944 புத்தாண்டு அன்று. நினைவுத் தொகுதிகள் வந்தது 1950-இல். எங்கிருந்து கையெழுத்துப் போட்டார்? புத்தகம் மட்டும் என்றால் அருமையான புத்தகம், தூக்கவே இரண்டு கை வேண்டும். கையெழுத்துக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். என்னைக் கேட்டால் அந்த மனிதரிடம் புத்தகமும் வாங்க மாட்டேன்.

கடிதத்தை மட்டும் தனியாகச் சோதிக்கலாம். பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்ததே 1940களின் நடுவில். ஆகவே லுட்யன்ஸ் பால்பாயிண்டில் எழுதியிருந்தால் சிரித்துவிட்டு எழுந்து வரலாம். கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு மளிகைக் கடையில்கூட இருக்கிறதே, அதன் கீழே தாள் பளிச்சென்று நீலமாக மின்னினால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. அந்த ரசாயனம் தாளில் பரவலாகச் சேர்ந்தது அவர் காலத்துக்குப் பிறகு. உறையும் இருந்தால் முகவரியைப் பாருங்கள். நம் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. பழைய உறையில் ஆறு இலக்க எண்ணோடு ஒன்றை என்னிடமே காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சோதனைகளில் தேறிவிட்டதாலேயே அசல் என்று ஆகாது. பழைய காலித் தாளும் பழைய மசியும் இன்றும் கிடைக்கின்றன. கையெழுத்தை ஒப்பிட வேண்டும். லுட்யன்ஸ் தன் மனைவி எமிலிக்கு எழுதிய கடிதங்கள் லண்டனில் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தின் வசம் இருக்கின்றன. 1985-இல் அவற்றின் தேர்வு ஒன்று புத்தகமாகவும் வந்தது. அந்த அம்மாள் தியாசபி என்னும் பிரம்மஞான சபை பக்கம் போய், ஜே. கிருஷ்ணமூர்த்தியைப் பிள்ளை போல் பார்த்துக்கொண்டவர். கணவர் ரைசினா மேட்டுச் சரிவு தான் கட்டிய வைஸ்ராய் மாளிகையை மறைக்கிறது என்று கூட வேலை பார்த்த கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கரோடு மல்லுக்கு நிற்க, மனைவியின் மனமெல்லாம் அந்தச் சபை இருக்கும் அடையாறில். அந்தச் சரிவைப் பற்றி நாலு வரி உள்ள கடிதம் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், பார்க்கவாவது வருகிறேன்.

இன்னொன்று. 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வாங்கி இங்கே வைத்துக்கொள்ளலாம், கனடாவில் இருக்கும் மகனுக்குக் கூரியரில் அனுப்ப முடியாது.

என்னிடம் உள்ள கொர்பூசியே கடிதத்தை எங்கள் சங்க மலரில் முழுதாக அச்சிடலாமா? அவர் இறந்து 60 ஆண்டு ஆகிவிட்டதே?
— வாசகர், மயூர் விஹார்

தாள்தான் உங்களுடையது, அதில் உள்ள வார்த்தைகள் எழுதியவருடையவை. அவர் 1965-இல் காலமானார், கணக்கு சரி. ஆனால் உயிரோடு இருக்கும்போது அச்சில் வராத எழுத்துக்கு, அது முதன்முதலில் வெளியான பிறகுதான் நம் சட்டம் அந்த 60 ஆண்டை எண்ணத் தொடங்கும். பாரிஸ் அறக்கட்டளைக்கு ஒரு வரி எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள்.

கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கையில் காசு குறைவு. சேகரிக்க ஆசை. எங்கே தொடங்குவது?
— மாணவர், லட்சுமி நகர்

தம்பி, 1923-இல் வந்த கொர்பூசியேயின் முதல் பதிப்பைக் கனவு காணாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகிளா ஹாட்டுக்குப் போங்கள். தரியாகஞ்ச் நடைபாதைப் புத்தகச் சந்தை 2019-இல் அங்கே மாறிவிட்டது. ‘மார்க்’ என்னும் கலை இதழின் 1961 டிசம்பர் சண்டிகர் சிறப்பிதழைத் தேடுங்கள். நகரம் எழும்பிக்கொண்டிருந்தபோதே வந்த இதழ் அது. நான் வாங்கிய பிரதியில் யாரோ ஒரு பொறியாளர் ஓரமெல்லாம் இந்தியில் திட்டி எழுதியிருக்கிறார். அட்டை கிழிந்ததுதான், ஆனால் வேறு நல்ல பிரதிக்கு மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

அடுத்து லாரி பேக்கர். கட்டடச் செலவைக் குறைப்பது பற்றித் தானே படம் போட்டு, தன் கையெழுத்திலேயே எழுதிய சின்னச் சின்னப் புத்தகங்கள். பக்கம் முழுக்க அவர் கை இருக்கிறது, தனியாகக் கையெழுத்து எதற்கு? கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1985-இல் பம்பாயில் வெளியிட்ட நகரங்களைப் பற்றிய புத்தகமும் அவ்வப்போது கண்ணில் படும். நூலக முத்திரை இருந்து, ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரை இல்லாத புத்தகம் மட்டும் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

கடிதம் வேண்டும் என்றால் இன்று உயிரோடு இருக்கிற கலைஞர்களுக்கு எழுதுங்கள். இமெயில் வேண்டாம், தாளில். அவர்கள் கட்டிய ஒரு கட்டடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே உங்களுக்குப் புரியாத ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: இந்தப் படி ஏன் இங்கே திரும்புகிறது என்பது மாதிரி. புகழ்ந்து எழுதினால் உதவியாளர் நன்றி சொல்லி முடித்துவிடுவார். படியைப் பற்றிக் கேட்டால் பேனாவை அவரே எடுப்பார். பதில் வந்தால் உறையைக் கிழிக்காமல் மேல் ஓரத்தில் கத்தியால் பிரியுங்கள். தேதிக்குச் சாட்சி அஞ்சல் முத்திரைதான்.